அனாமத்துக் கணக்கு

ஜூலை 26 என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும். கார்கில் வெற்றி தினம். மலர்வளையம் வைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி நடக்கும், டி.வி.யில் ராணுவப் படம் போடுவார்கள். நல்ல விஷயம்தான். அதற்கு நாலு நாள் முன்னால் வருகிற ஜூலை 22 என்ன நாள்? பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். 'ஏன் சார், ஏதாச்சும் லீவா?' என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏஎன்-32 ரகப் போக்குவரத்து விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. (2024-ல் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள்.) விமானத்தில் 29 பேர். ஓட்டிய குழுவினர் ஆறு பேர். பயணிகளாக முப்படைகளையும் கடலோரக் காவல்படையையும் சேர்ந்த பதினைந்து பேர். விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்கள் எட்டுப் பேர். பதினொன்றே முக்காலுக்குப் போய் இறங்கியிருக்க வேண்டும். 9.12-க்கு ராடாரிலிருந்து மறைந்துபோனது. 23,000 அடியில் பறந்துகொண்டிருந்த விமானம் இடதுபக்கம் திரும்பி, மளமளவென்று உயரம் இழந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கப்பல்கள் போயின, விமானங்கள் போயின, நீர்மூழ்கி போனது. ஒரு துண்டு தகரம்கூடக் கிடைக்கவில்லை. செப்டம்பர் மாதம் 29 குடும்பங்களுக்கும் கடிதம் போனது: உங்கள் வீட்டுப் பிள்ளை இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

'கருதப்படுகிறது.' இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? காரியம் பண்ணுவாளா, காத்திருப்பாளா?

நான் பி.காம். படித்தவன். இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். வித்தியாசப்படும் தொகையை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒன்று திறந்து அதில் போட்டு வைக்க வேண்டும். இங்கிலீஷில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். இது தற்காலிக ஏற்பாடு. தப்பு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். வருஷக்கணக்காக ஒரு தொகை அனாமத்திலேயே கிடந்தால், ஒன்று கணக்குப்பிள்ளை சோம்பேறி, இல்லை முதலாளிக்கு அந்தத் தப்பைக் கண்டுபிடிப்பதில் இஷ்டமில்லை.

கடலில் விழுந்த நம் விமானப்படை ஆட்களை நாம் அனாமத்துக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். குண்டு பட்டுச் செத்தால் வரவு எழுதத் தனிப் பேரேடு இருக்கிறது. விபத்தில் செத்தால், அதுவும் உடம்பு கிடைக்காமல் செத்தால், எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே நமக்குத் தெரியவில்லை.

*

'என்ன இருந்தாலும் போரில் சாகிறதும் விபத்தில் சாகிறதும் ஒண்ணா?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொஞ்சம் பழைய கணக்கு.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவு 55,573 பேரைப் பறிகொடுத்தது. அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள். எதிரியின் முகத்தையே பார்க்காமல் போனவர்கள். அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். ஒரு ஜெர்மன்காரனோ ஜப்பான்காரனோ எட்டிப்பார்க்காத அமெரிக்க மண்ணிலேயே, பயிற்சி விமான விபத்துகளில் சுமார் 15,000 பேர் செத்தார்கள். எஞ்சின் நின்றுபோகும், மேகத்துக்குள் திசை தப்பும், எரிபொருள் தீரும். கீழே கடல் என்றால் கல்லறைகூட மிஞ்சாது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் வருகிற புழல் ஏரி, 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக இருந்தது. ரன்வே வேண்டாத 'கேட்டலினா' படகு விமானங்கள் ஏரித் தண்ணீரிலேயே ஓடி எழும்பி, வங்காள விரிகுடாவைச் சுற்றி வந்து, ஏரித் தண்ணீரிலேயே இறங்கும். நீர்மூழ்கியைத் தேடுவதும், கடலில் விழுந்தவர்களைத் தேடுவதும் அவற்றின் வேலை. மணிக்கணக்காகக் கடலுக்கு மேலேயே பறந்த அந்த ஆட்களுக்கு ஜப்பான்காரனுக்குச் சமமான எதிரி ஒன்று இருந்தது. அது மழைக்காலத்து மேகம்.

அப்படிப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? சிங்கப்பூரில், கிராஞ்சி போர் நினைவிடத்தில். தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும், சுற்றியுள்ள கடல்களிலும் பறந்து, கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்களும் அந்தச் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. மொத்தம் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அதைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் தொடங்கிய அமைப்பு. அவர்கள் விதி ரொம்ப எளிமையானது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இருந்தபடி இறந்தவரா? பெயரை எழுது. சுட்டு வீழ்த்தினார்களா, எஞ்சின் கோளாறா, மலேரியாவா என்று கேட்காதே.

வெள்ளைக்காரன் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர்களையும் இந்தியர்களையும் வெள்ளைச் சிப்பாய்களுக்குச் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021-ல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் 'விபத்தில் இறந்தவன் ஒரு படி கீழே' என்ற பாகுபாட்டை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

நாம் வைத்திருக்கிறோம். நம் ராணுவக் கோப்பில் சாவுக்கு வகைப்பாடு உண்டு. 'பேட்டில் கேஷுவல்டி', 'பிசிக்கல் கேஷுவல்டி' என்று இரண்டு பெரிய பிரிவு. போரிலோ எதிரி, தீவிரவாதி நடவடிக்கையிலோ இறந்தால் குடும்பத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குச் சமமான ஓய்வூதியம். பணி நேரத்து விபத்தில் இறந்தால் பொதுவாக அறுபது சதவீதம். சில விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் விதி இதுதான். குண்டு பட்ட வீட்டுக்கும் விமானம் விழுந்த வீட்டுக்கும் அரிசி ஒரே விலைதானே அய்யா? ஸ்கூல் பீஸ் வாங்குகிறவன் 'உங்கப்பா பிசிக்கல் கேஷுவல்டியா, அப்ப அறுபது பர்சென்ட் கட்டு' என்றா சொல்லப் போகிறான்?

*

பணம்கூட இரண்டாவதுதான். 'இது வெறும் விபத்து' என்று ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அது விதி, அது வானிலை, அது துரதிர்ஷ்டம். பொறுப்பு யாருக்கும் இல்லை என்றால் பாடமும் யாருக்கும் இல்லை.

ஒரே கடலில், ஒரே சென்னைக்கு எதிரே, ஒரு வருஷ இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் சம்பவம், 2015 ஜூன் 8. கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் இரவு ரோந்தில் காணாமல் போனது. அதன் கறுப்புப் பெட்டியோடு ஒரு சின்னக் கருவி இருந்தது. தண்ணீர் பட்டதும் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பத் தொடங்கும் நீரடி ஒலிப்பான். ஜூலை முதல் வாரம் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்கு அந்த ஒலி கேட்டது. அடுத்த சில நாளில், கடலூர், பிச்சாவரம் கரைக்கு அப்பால் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். தனியார் எண்ணெய் நிறுவனத்தின் கப்பல் வந்து உதவியது. கறுப்புப் பெட்டி மேலே வந்தது. மனித எச்சங்கள் வந்தன. ஒரு கைக்கடிகாரம் வந்தது. ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் மூன்று குடும்பங்களுக்கு ஒரு பதில் கிடைத்தது. கொடுமையான பதில்தான். ஆனாலும் பதில்.

இரண்டாவது சம்பவம், 2016 ஜூலை 22-ன் ஏஎன்-32. அதில் அவசரகால ரேடியோ கருவிகள் இருந்தன. அவை தரையில் வேலை செய்யும், தண்ணீருக்கு அடியில் ஊமை. நீரடி ஒலிப்பான் அந்த விமானத்தில் இல்லை.

வாரம் தவறாமல் கடல் தாண்டி அந்தமானுக்குப் போய் வந்த விமானத்தில் இல்லை! தாம்பரத்தில் ஏறினால் அந்தமான் வரை கீழே என்ன, வயக்காடா இருக்கிறது? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர்தானே? அதே சென்னையிலிருந்து அதே அந்தமானுக்கு ஹனிமூன் போகிற ஜோடி ஏறும் தனியார் விமானத்தின் கறுப்புப் பெட்டியில் அந்த ஒலிப்பான் கட்டாயம் இருக்கும். 2009-ல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். பெட்டியைத் தேடி எடுக்க இரண்டு வருஷம் ஆனது. அதற்குப் பிறகு, முப்பது நாள் ஒலித்த கருவி தொண்ணூறு நாள் ஒலிக்க வேண்டும் என்று பயணிகள் விமானங்களுக்கு உலக அளவில் விதி போட்டார்கள். நீண்ட தூரம் கடல் கடக்கும் பெரிய விமானங்களுக்கு, இன்னும் தொலைவிலிருந்து கேட்கிற தாழ்ந்த அதிர்வெண் ஒலிப்பானும் வேண்டும் என்றார்கள். டிக்கெட் வாங்கியவனுக்கு இத்தனை ஏற்பாடு. சீருடை போட்டவனுக்கு?

'ஏஎன்-32 விழுந்த இடம் பயங்கர ஆழம் சார், ஒலிப்பான் இருந்தாலும் கேட்டிருக்காது' என்று ஒரு நண்பர் வாதாடினார். ஆழம்தான், மறுக்கவில்லை. 3,400 மீட்டர். கொல்லிமலைக்குப் போயிருப்பீர்கள். காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு, ஏறுவதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிடுவார்கள். அந்த மலையின் உயரமே சுமார் 1,300 மீட்டர்தான். இரண்டு கொல்லிமலையை ஒன்றின் மேல் ஒன்றாகக் கடலுக்குள் இறக்கி, மூன்றாவதில் பாதிக்கு மேல் வைத்தால்தான் உச்சி தண்ணீருக்கு வெளியே தெரியும். மேலே மிதக்கிற கப்பலுக்குக் கேட்பது கஷ்டம்தான். அதற்காகத்தான் கேட்கும் கருவியைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இழுத்துப் போகிறார்கள். கேட்கிற வாய்ப்பு குறைவு என்பது வேறு. வாய்ப்பே கொடுக்காமல் அனுப்பி வைப்பது வேறு.

அந்த 3,400 மீட்டர் என்ற கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத தானியங்கி நீர்மூழ்கியை இறக்கித் தேடியபோது, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில் சிதைவுகள் படத்தில் பதிவாகின என்றும், அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவு இல்லாததால் இது அந்த ஏஎன்-32 ஆகவே இருக்கலாம் என்றும் சொன்னது.

அந்த நிறுவனம் இருப்பது பள்ளிக்கரணையில். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். விஞ்ஞானிகளுக்கு ஒரு சலாம். ஆனால் ஏழரை வருஷம்! சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்பார்கள். 29 குடும்பங்களுக்கு அது ஜாதகத்தால் வந்த சனி இல்லை. ஒரு கருவி வைக்காததால் வந்த சனி.

இது திடீரென்று வந்த அனுபவமும் இல்லை. 1986 மார்ச் 25 அன்று, சோவியத் யூனியனிலிருந்து புத்தம் புதிதாக வந்துகொண்டிருந்த ஏஎன்-32 ஒன்று, மஸ்கட்டுக்கும் ஜாம்நகருக்கும் நடுவில் அரபிக் கடலில் ஏழு பேரோடு காணாமல் போனது. இதுவரை கிடைக்கவில்லை. அதே ரக விமானம், மறுபக்கத்துக் கடல், முப்பது வருஷ இடைவெளி. முதல் பாடத்தையே படிக்காதவனுக்கு இரண்டாவது பரீட்சை எப்படிப் போகும்?

*

எங்கள் தொழில்காரர்களையும் விடுவதாக இல்லை. விமானம் கடலில் விழுந்தால் உடனே 'மர்மம்' என்று தலைப்புப் போடுகிறோம். 2016-ல் 'வங்காள விரிகுடாவில் ஒரு பெர்முடா முக்கோணமா?' என்கிற ரகத்தில் பேச்சு கிளம்பியது. அந்தப் பெர்முடா புராணத்தின் மூலக்கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1945 டிசம்பர் 5, அமெரிக்கக் கடற்படையின் ஐந்து பயிற்சி விமானங்கள் 14 பேருடன் கிளம்பி வழி தப்பின. அவர்களைத் தேடிப் போன இன்னொரு விமானமும் 13 பேருடன் போனது. திசை குழம்பியது, இருட்டியது, எரிபொருள் தீர்ந்திருக்கும். 27 மனிதர்களின் சாவு அது. அதை வைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் வேற்றுக்கிரகவாசிக் கதை விற்றிருக்கிறார்கள். மர்மம் என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை பாருங்கள். அரசாங்கத்துக்கு இதைவிட வசதியான தலைப்பு கிடையாது.

'குட்டி இளவரசன்' எழுதிய செந்த்-எக்சுபெரி விஷயத்திலும் இதே மர்மக் கதைதான் ஓடியது. அவர் ஒரு போர் விமானி. 1944 ஜூலை 31 அன்று வேவு பார்க்கப் பறந்தவர் திரும்பவில்லை. 1998-ல் மார்செய் கடலில் ஒரு மீனவரின் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி வந்தது. பிறகு தேடி, விமானத்தின் துண்டுகளை எடுத்து, 2004-ல் இது அவருடையதுதான் என்று உறுதி செய்தார்கள். அறுபது வருஷம் கழித்து! தேடினால் கிடைக்கும். தேட வேண்டும் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் காணாமல் போன போர்வீரர்களைத் தேடுவதற்கென்றே ஓர் அரசுத் துறை இருக்கிறது. அவர்கள் பட்டியலில் இன்னும் 80,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் நாற்பதாயிரத்துக்கும் மேல் கடலில் போனவர்கள். அவர்கள் நம் ஊருக்கே வந்து தேடினார்கள். 1944 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மலையில் மோதிய தங்கள் குண்டுவீச்சு விமானத்தின் இடத்துக்குப் போய், மண்ணைச் சலித்து, கிடைத்ததைப் பெட்டியில் வைத்து, 2016 ஏப்ரலில் டெல்லியில் ராணுவ மரியாதையோடு கொண்டு போனார்கள். அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சரே வந்து நின்றார். 72 வருஷம் கழித்து. அந்த விழா நடந்து மூன்றே மாதத்தில்தான் நம் ஏஎன்-32 போனது.

நமக்கும் மனசு இல்லாமல் இல்லை. 1968-ல் ரோத்தங் பக்கம் பனிமலையில் 102 பேரோடு விழுந்த ஏஎன்-12 விமானத்தைத் தேடி நம் ராணுவம் திரும்பத் திரும்பப் போனது. 2024-ல்கூட நாலு உடல்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். 56 வருஷம் கழித்து சொந்த ஊரில் அடக்கம் நடந்தது. மலையேறிப் போய் எடுக்கத் தெரிந்த நமக்குக் கடல் மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை?

*

கேட்டால் 'பாதுகாப்பு ரகசியம்' என்பார்கள். எது ரகசியம்? 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். ஐந்து வாரத்தில், 2022 ஜனவரி 14 அன்று, விசாரணையின் சாரத்தை வெளியிட்டார்கள். இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, மேகத்துக்குள் நுழைந்து திசை குழம்பியது என்று சொன்னார்கள். அதனால் தேசத்தின் பாதுகாப்புக்கு என்ன கேடு வந்தது? தளபதி இறந்தால் ஐந்து வாரத்தில் சொல்ல முடிகிற விஷயத்தை, சார்ஜென்ட் இறந்தால் மட்டும் ஏன் சொல்ல முடியாது? 2017 முதல் 2022 வரை விமானப்படையில் 34 விபத்துகள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை சொல்கிறது. அந்த 34-க்கும் குன்னூர் மாதிரி ஒரு பக்கச் சாரம் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது.

மேலே கொல்லிமலையைச் சொன்னேன். அந்த மலைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஆடி மாதம் பதினெட்டை ஒட்டி அங்கே வல்வில் ஓரி விழா, அரசு விழாவாகவே நடக்கிறது. ஓரி, மலையமான் காரியோடு போரிட்டு மாண்டவன். சுமார் இரண்டாயிரம் வருஷம் ஆச்சு. அவன் உடம்பு எங்கே, சமாதி எங்கே, யாருக்கும் தெரியாது. ஆனாலும் செம்மேட்டில் சிலை இருக்கிறது, அமைச்சர் வந்து மாலை போடுகிறார், ஜனங்கள் கூடுகிறார்கள். உடம்பு கிடைக்காதவனைக் கொண்டாட நமக்குத் தெரியாமல் இல்லை. இந்த இனத்துக்கு நடுகல் புதுசா என்ன? வில்லோடு நின்றவனுக்கு மட்டும்தான் கல், கடமைக்குப் பறந்து கடலில் விழுந்தவனுக்குக் கோப்பு என்று நாமாக வகுத்துக்கொண்டதுதான் புதுசு.

அதனால் கேட்கிறேன். பெரிய பட்டியல் இல்லை.

கடலைத் தாண்டுகிற ஒவ்வொரு படை விமானத்திலும் நீரடி ஒலிப்பான் இருக்கிறதா? 'இருக்கிறது' என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுத்தில் சொல்லட்டும். இல்லை என்றால், வைக்கும் வரை அது கடல் தாண்ட வேண்டாம்.

விபத்து விசாரணை முடிந்ததும் அதன் சாரம் ஒரு பக்கம், முதலில் குடும்பத்துக்கு, பிறகு நாட்டுக்கு.

பணியில் பறந்து இறந்தவர் வீட்டுக்கு அறுபதா நூறா என்று பேரம் வேண்டாம். நூறு.

நாலாவது, ஒரு கல். சென்னையில் மெரினா தொடங்குகிற இடத்தில், கடலைப் பார்த்தபடி போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. முதல் உலகப் போருக்காகக் கட்டியது. பின்னால் வந்த போர்களும் அதில் இடம்பிடித்தன. அதன் பக்கத்தில் இந்தக் கடலில் போன விமானப்படையினருக்கும் கடலோரக் காவல்படையினருக்கும் ஒரு கல் வையுங்கள். டோர்னியரின் மூன்று பெயர், ஏஎன்-32-ன் 29 பெயர். அந்த எட்டு சிவிலியன் ஊழியர்களையும் விட்டுவிடக் கூடாது, அவர்களும் தேசத்தின் வேலையாகத்தான் ஏறினார்கள். வருஷா வருஷம் ஜூலை 22 அன்று ஒரு முழம் பூ போதும்.

தொகை எங்கே போனது என்று 2024-லேயே தெரிந்துவிட்டது. 310 கிலோமீட்டர் கிழக்கே, 3,400 மீட்டர் கீழே. இடம் தெரிந்த பிறகும் அனாமத்துக் கணக்கைத் திறந்தே வைத்திருக்கிற கம்பெனியை எந்த ஆடிட்டரும் சும்மா விடமாட்டான். நாமும் விடக் கூடாது.